சேது நாட்டில் தாயுமானவர்

தமிழ்நாட்டின் கீழ்க்கரையில் உப்பளமும் உவர்ச் சேறும் அலையாத்திக் காடும் சூழ்ந்த திருமறைக்காடு என்னும் வேதாரணியத்திலே, வேளாளர் குலத்தில், கேடிலியப்ப பிள்ளை என்பார் ஒருவர் வாழ்ந்திருந்தார். அவ்வூர்த் திருக்கோயிலின் காரியங்களை மேற்பார்த்து வந்த அவருடைய நேர்மையையும் கணக்குத் திறமையையும் கண்டு, திருச்சிராப்பள்ளியிலிருந்து அரசு செலுத்திய விசயரங்க சொக்கநாத நாயக்கர் அவரைத் தம் அரண்மனைச் சம்பிரதியாக அமர்த்திக்கொண்டார். கேடிலியப்பர் தம் மூத்த மகன் சிவசிதம்பரத்தை, மகப்பேறில்லாத தம் தமையனார்க்குச் சுவீகாரமாகக் கொடுத்திருந்தார். பின்னர் மலைக்கோட்டை இறைவனை வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு அவ்விறைவன் பெயரையே இட்டார். அப்பிள்ளையே நம் தாயுமானவர். அன்னையார் பெயர் கெசவல்லி அம்மையார்.

அவர் பிறந்த ஆண்டைப்பற்றி ஆராய்ச்சியாளர் பலவாறு வாதிப்பர். அவ்வாதத்தில் ஈண்டு யாம் புகவில்லை. விசயரங்கர் ஆண்டது 1706 முதல் 1732 வரை என்பது சரித்திரம். கதையைத் தொடர்வதற்கு அது போதும்.

தமிழும் வடமொழியும் நன்கு கற்றுத் தேர்ந்த இளைஞர், தந்தையார் காலமான பின் அவர் பதவியையே ஏற்றார். அரண்மனையில் வரவு செலவும், மாலையில் சாரமாமுனிவர் மடத்து மௌனகுருவின் திருமுன்பும் என அவர் நாட்கள் கழிந்தன. துறவு வேண்டி நின்ற சீடரைக் குரு உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. இல்லறத்தில் இருந்து ஒரு மகனைப் பெற்ற பின் வருக எனப் பணித்தார் என்பர். பேசாத குரு இட்ட அவ்வொரு கட்டளை எத்துணைக் கடியது என்பது சீடருக்குப் பின்னரே விளங்கிற்று.

1732-ஆம் ஆண்டில் நாயக்கர் மகவின்றி மாண்டார். அரசி மீனாட்சி ஆட்சியை ஏற்றாள். அவள் அழகும் அறிவும் மிக்க சம்பிரதியின்பால் மனம் வைத்துத் தன்னையும் நாட்டையும் ஏற்குமாறு கேட்டாள் என்பது கர்ண பரம்பரை. கல்வெட்டோ ஓலையோ இதற்குச் சான்றாக நிற்கவில்லை. ஆதலின் பகைவராற் சூழப்பட்டுத் தனியே நின்று நாடு காத்த ஒரு பெண்மகள்மீது இதனை உறுதியாகச் சுமத்த எமக்கு மனம் ஒருப்படவில்லை. காரணம் எதுவாயினும், பதவியையும் மாளிகையையும் ஓர் இரவில் விட்டு, அருளையர் என்னும் அன்பர் ஒருவரே துணையாக, அவர் தெற்கு நோக்கிப் புறப்பட்டார் என்றே அவருடைய சரித்திரங்கள் கூறுகின்றன. அரண்மனைக் கோபத்திற்கு ஆளானவனுக்கு அக்காலத்தில் எல்லை தாண்டுவதொன்றே அரண். எல்லைக்கு அப்பால் இருந்தது சேதுபதிகளின் நாடு.

காவிரியின் இரு கரைகளையும் கண்டு பழகிய கண்களுக்கு இராமநாதபுரம் எவ்வாறு தோன்றியிருக்கும்! இடையே ஏறத்தாழ நூறு மைல். ஆனால் மண் வேறு, வானம் வேறு. வற்றாத ஆறு அங்கே ஒன்றேனும் இல்லை. மேற்கு மலையிற் பிறந்து மதுரையைத் தழுவி வரும் வைகையும் பெரும்பாலும் கடலைக் காணாமலே இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடும். ஐப்பசி கார்த்திகையிற் பெய்யும் மழையைக் கண்மாயிலும் ஊருணியிலும் தேக்கி, அதைக்கொண்டே ஆண்டு முழுதும் உயிர் வாழும் நாடு அது. மழை பொய்த்த ஆண்டிலும் பசுமை மாறாது நிற்பது பனை ஒன்றே. நட்டவன் நீர் வார்ப்பதில்லை. பதினைந்து இருபது ஆண்டு பொறுத்தே அது பயன் தரும். தந்த பின்னரோ மூன்று தலைமுறைக்குத் தரும்.

கடலும் அங்கே இரண்டு. இராமேசுவரத் தீவுக்கு வடக்கே உள்ளதைப் பெண்கடல் என்றும், தெற்கே உள்ளதை ஆண்கடல் என்றும் பரதவர் கூறுவர். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்க, வடகடல் குளம்போற் கிடக்கும். வாடை திரும்பியதும் வடகடல் சீற, தென்கடல் அடங்கும். ஒன்று சினந்த காலத்தில் மற்றொன்றில் வலை வீசி அம்மக்கள் பிழைக்கின்றனர். இன்னும் ஒரு வியப்பு உண்டு. தனுஷ்கோடி முனையில் இருபுறமும் உவர்நீர் ஆர்ப்பரிக்க, நடுவிலுள்ள மணலைக் கையளவு தோண்டினால் குடிக்கத்தக்க நன்னீர் ஊறும். மணலில் இறங்கிய மழைநீர் உவர்நீரைவிட இலேசாதலின், அதனோடு விரைவில் கலவாமல் அதன்மேல் மிதந்து நிற்கிறது. ஆழத் தோண்டுவோன் உப்பையே காண்பான். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயல் அவ்வூரையும் இருப்புப் பாதையையும் வாரிக்கொண்டு போயிற்று. அதன் பின்னரும் அங்கே குடிசை கட்டி வாழும் மீனவர் அம்மணல் ஊற்றையே நம்பி வாழ்கின்றனர்.

நாடும் அப்பொழுது புண்பட்டிருந்தது. அரசுரிமைப் போர் மூண்டு, தஞ்சைப் படை புகுந்து, வடபகுதி தஞ்சைக்குச் சென்று, எஞ்சியதிலும் ஐந்தில் இரு பங்கு சிவகங்கைச் சீமையாகப் பிரிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இத்தகைய நாடே, ஓடிவந்த ஒருவருக்கு நிழல் கொடுத்தது. கணக்கு ஓலை பிடித்த கைக்கு அங்கே வேலை இல்லை. செய்தற்கு ஒன்றுமின்றி இருத்தல் என்பதை அவர் நூலிற் கற்கவில்லை. அந்த வெயிலில்தான் கற்றிருத்தல் வேண்டும் என்பது எம் துணிபு.

திருச்சிராப்பள்ளியில் நாயக்கர் ஆட்சி 1736-இல் சந்தா சாகிபுவின் சூழ்ச்சியால் வீழ்ந்தது. அரசி நஞ்சுண்டு மாண்டாள். அச்சம் நீங்கவே, தமையனார் சிவசிதம்பரமும் அருளையரும் வற்புறுத்த, தாயுமானவர் திருமறைக்காடு மீண்டு மட்டுவார்குழலி என்னும் நங்கையை மணந்தார். குருவின் கட்டளை ஒருவாறு நிறைவேறியது. கனகசபாபதி என்னும் ஆண்மகவு பிறந்தது. சின்னாளில் அம்மையார் இறந்தார்.

இவ்விடத்தைச் சரித்திரம் எழுதுவோர் ஒரு வரியிற் கடந்து, இனித் துறவுக்குத் தடையில்லை என மகிழ்வதைக் கண்டிருக்கிறோம். எமக்கு அது உடன்பாடன்று. மனைவியை இழந்து, தாயற்ற மதலையைக் கையில் ஏந்தி நின்றவர், ஞானியாயினும் கல் அல்லர். அவருடைய பாடல்களில் அழுகை இருக்கிறது. தம் நெஞ்சின்மீதே முறையீடு இருக்கிறது. மதயானையை வசப்படுத்தலாம், கரடி புலியின் வாயைக் கட்டலாம், அரிமாவின் முதுகில் ஏறலாம், பாம்பை எடுத்து ஆட்டலாம், நீர்மேல் நடக்கலாம், நெருப்பின்மேல் இருக்கலாம், ஆயின் சிந்தையை அடக்கிச் சும்மா இருத்தல் அரிது என்னும் பொருள்பட அவர் பாடியிருப்பது, வென்றவன் செருக்கிற் பேசுவதன்று. பன்முறை தோற்றவன் கண்டறிந்து கூறுவது. தேர்வில் ஒரு தாள் தவறியவுடன் உலகமே கவிழ்ந்ததென்று விடுதி அறையைத் தாழிட்டுக்கொள்ளும் நம் நண்பர்கள், இப்பாடல் அமைந்த தேசோமயானந்தத்தை ஒருமுறை எடுத்துப் படிப்பாராக.

இயற்கையை அவர் நோக்கிய நோக்கு தனித்தன்மை உடையது. பூசைக்காகப் பனி நிறைந்த மலரைப் பறிக்கச் சென்றவர், அம்மலரிலும் இறைவனே இருக்கின்றான் எனக் கண்டு, பறிக்க மனமின்றி நிற்கிறார். கை குவிக்கலாமெனின், உள்ளத்தே இருப்பவனைக் கும்பிடுவது அரைக் கும்பிடாகுமே என்று நாணுகிறார். கிளியை அழைத்துத் தூது விடுவதற்கென்றே பைங்கிளிக்கண்ணி பாடினார். மண் முழுதும் ஆள்வோரும் கடலின்மேலும் ஆணை செலுத்த விரும்புவர் என்று ஆசையின் அளவின்மையைக் கூறுமிடத்து அவர் கண்முன் நின்றது கீழைக் கடலாகத்தான் இருக்கும்; பிறந்ததும் அதன் கரை, ஒதுங்கியதும் அதன் கரை அன்றோ!

மகனைத் தமையனாரிடம் ஒப்புவித்து, மௌனகுருவிடம் துறவு பெற்று, தலங்கள் பலவற்றை வணங்கிய பின், தங்குதற்கு அவர் தேர்ந்துகொண்டது பசுமை நிறைந்த சோழநாட்டை அன்று. முன்னர் அகதியாக வந்து தங்கிய அச்சேது நாட்டையே. அரசராலும் அன்பராலும் அழைக்கப்பட்டுச் செல்லத்தக்க இடங்கள் பல இருந்திருக்கும். அவர் காய்ந்த மண்ணுக்கே மீண்டார்.

பதிப்புகளில் இன்று 56 பகுதிகளாக 1452 பாடல்கள் காணப்படுகின்றன. அவற்றுள் பராபரக்கண்ணி மட்டும் 389. சைவர் மட்டுமன்றிப் பிற சமயத்தாரும் இவற்றைப் போற்றி வந்துள்ளனர். யாழ்ப்பாணத்துக் கிறித்தவ அறிஞர் ஐசக் தம்பையா இவற்றுள் பலவற்றை ஆங்கிலத்திற் பெயர்த்து 1925-இல் இலண்டனில் வெளியிட்டார்.

இராமநாதபுரத்தை அடுத்த இலட்சுமிபுரத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. தை மாதத்து விசாக நாளில் அவர் அடங்கினார் என்று கொண்டு ஆண்டுதோறும் அங்கே குருபூசை நடத்துகின்றனர். தை என்பது அந்நாட்டில் வாடை மழை ஓய்ந்து, கண்மாயில் நீர் இன்னும் எஞ்சியிருக்க, வயலில் நெல் அறுக்கும் காலம்.