கிழக்குக் கரைக்குப் போன முன்ஷி

மலாய்ப் பாடம் படித்த நம் பிள்ளைகளுக்கு முன்ஷி அப்துல்லாவைத் தெரியும். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை. நாகூரில் பெண்ணெடுத்த ஓர் ஏமன் அரபியின் கொள்ளுப் பேரர் அவர் என்பது பலருக்குத் தெரியாது. 1796-ல் மலாக்காவில் பிறந்தார். பாட்டி பெரியாச்சி சுமார் 200 பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தவர். வியாபாரத்துக்கு வேண்டுமென்று பேரனைத் தமிழும் படிக்க வைத்தார்கள்.

பிறகு ராஃபிள்ஸிடம் எழுத்து வேலை, வெள்ளைக்காரர்களுக்கு மலாய் ஆசிரியர். நாற்பது வயது வரை பெரும்பாலும் துறைமுகப் பட்டணங்களில்தான் இருந்தார். 1838-ல் கிளந்தானில் ராஜாக்களுக்குள் சண்டை. சிங்கப்பூர் வியாபாரிகளின் சரக்கு அங்கே மாட்டிக்கொண்டது. கடிதம் கொண்டுபோன கூட்டத்தோடு இவரும் படகேறினார். பகாங், திரங்கானு, கிளந்தான், எங்கும் வறுமை. மண் நன்றாக இருந்தும் ஏன் இப்படி என்று விசாரித்தார். நல்ல வீடு கட்டினாலும் தோட்டம் போட்டாலும் ராஜாவின் ஆட்கள் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம்தான் காரணம் என்று தெரிந்தது. தோட்டத்து லயங்களில் கடனுக்குத் துணி விற்ற நம் பெரியவர்களுக்கு இது புரியும். கையில் தங்காது என்றால் யார் சேர்த்து வைப்பார்?

ராஜாக்களின் புகழையே எழுதிவந்த காலத்தில், இதையெல்லாம் பயணக் கதையாக எழுதி அச்சிட்டார். ஆங்கிலேயர் ஆட்சியை அளவுக்கு மீறி மெச்சினார் என்பது என் எண்ணம். ஏழைகளையும் சில இடங்களில் கடுமையாகச் சொல்கிறார். ஆனாலும் பிறரைக் கண்டபடி எழுதிப் பழகிய அந்தக் கை, 1840-ல் தன் வாழ்க்கையை எழுதத் தொடங்கியது. சிறுவயதில் வாங்கிய அடி, நோய், மனைவியின் மவுத்து எதையும் மறைக்கவில்லை. 1849-ல் அது அச்சானது. 1854-ல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர் ஊர் திரும்பவில்லை. அந்த வழியையும் எழுதிக்கொண்டே போனார்.