கடல் கடந்து கற்ற சிறுவர் – சன் யாட் சென்

நவசீனத்தின் தந்தை எனப் போற்றப்பெறும் டாக்டர் சன் யாட் சென், 1866ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், தென்சீனத்துக் குவாங்டங் மாநிலத்தின் சூய்ஹெங் என்னும் சிற்றூரில், ஏழை உழவர் குடியில் பிறந்தார். தமையனார் சன் மெய், ஹவாய்த் தீவுக்குப் பிழைக்கச் சென்று, உழைப்பால் நிலமும் கால்நடையும் ஈட்டியவர். 1879இல், சிறுவயதிலேயே, தம்பியும் அங்குக் கப்பலேறினார்.

ஹானலூலுவில் பாதிரிமார் நடத்திய இயோலானிப் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு ஆங்கிலம் தெரியாது. 1882இல் ஆங்கில இலக்கணத்திற்கான பரிசை அரசர் காலாகாவாவின் கையால் பெற்றார். அந்நாளில் சீன ஆடவர், மஞ்சு அரசருக்கு அடங்கியவர் என்பதன் அடையாளமாகச் சடை பின்னியிருத்தல் வேண்டும். உடன் பயின்றோர் கேலி செய்தும் அவர் அதனை அறுக்கவில்லை என்பர்.

தம்பி கிறித்தவராகிவிடுவார் என அஞ்சிய தமையனார், 1883இல் ஊருக்கே திருப்பியனுப்பினார். ஊர் பழையபடியே இருந்தது; அவர்தாம் மாறியிருந்தார். நண்பர் லூ ஹாவோடோங்குடன் ஊர்க்கோயில் சிலையைச் சேதப்படுத்தினார். ஊரார் கடுஞ்சினம் கொள்ளவே, ஹாங்காங் சென்றார். அயல்நாட்டில் சீனச் சிறுவர்; பிறந்த ஊரிலோ அயலார். இளமையில் வெளிநாடு சென்று கற்போர் பலர்க்கும் நேரும் இடர்ப்பாடு இதுவே.

1892இல் ஹாங்காங்கில் மருத்துவம் கற்றுத் தேறினார். வளமாக வாழ்ந்திருக்கலாம். எனினும் 1894 நவம்பரில் ஹானலூலுவிலேயே, பிழைக்க வந்த சீனரைத் திரட்டிச் சீன மறுமலர்ச்சிச் சங்கத்தைத் தொடங்கினார். 1895இல் காண்டன் நகரில் நடத்த முயன்ற கிளர்ச்சி தோற்றது. நண்பர் லூ கொல்லப்பட்டார். சன் யாட் சென் ஜப்பானுக்குத் தப்பிச் சென்று, அங்கே சடையை அறுத்தெறிந்தார். பிறர் நகைப்புக்கு அஞ்சி அறுக்காததை, அடிமைத்தளையை மறுத்து அறுத்தார். ஒருகால் சினந்து திருப்பியனுப்பிய தமையனாரே கால்நடைகளை விற்றுப் பொருளுதவினார். 16 ஆண்டுகள் நாடு நாடாக அலைந்தபின், 1912 ஜனவரி 1ஆம் நாள் சீனக் குடியரசின் தற்காலிகத் தலைவரானார். 1925 மார்ச் 12இல் மறைந்தார்.

நம் பிள்ளைகள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கற்போர். வெளியூர் விடுதியிலிருந்து விடுமுறைக்குத் திரும்புகையில் வீடு சிறுத்துத் தோன்றும். தாய் தந்தையர் பேச்சும் வேறாய் ஒலிக்கும். அது குற்றமன்று, கல்வியின் இயல்பு. ஆயின் அந்த மனவேறுபாட்டை ஏளனமாக வளர்த்துக்கொள்வதா, தொண்டாக மாற்றுவதா என்பதே கேள்வி. சிலையைச் சிதைத்த இளைஞரை ஊர் விரட்டியது. சங்கம் அமைத்து உழைத்தவரை நாடே தன் மகனாக ஏற்றது. இவ்வேறுபாட்டை நம் இளைஞர் உணர்தல் வேண்டும் என விரும்புகிறோம்.