ராக்கெட்டுக்கு முன்னே தேவையைத் தேடியவர்

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவப்படும் நாள்களில், வானம் தெளிவாக இருந்தால், ஆவடியிலும் அம்பத்தூரிலும் மொட்டைமாடியில் நின்றபடியே வடக்கே எழும் ஒளிக்கோட்டைப் பார்க்கலாம். 2024 மே 30 அன்று அங்கிருந்து எழுந்த சிறிய ராக்கெட் அரசுடையதன்று. சென்னை ஐஐடியில் முளைவிட்ட அக்னிகுல் நிறுவனத்துடையது. அதற்கு முன்பே, 2022 நவம்பர் 18-இல், ஹைதராபாதின் ஸ்கைரூட் நிறுவனம் நாட்டின் முதல் தனியார் ராக்கெட்டை ஏவியிருந்தது. அதன் பெயர் விக்ரம்-எஸ். அரசின் விண்வெளித் திட்டத்துக்கு வித்திட்ட விக்ரம் சாராபாயின் பெயரைத் தனியார் ராக்கெட் தாங்கியது முரணாகத் தோன்றலாம். அவருடைய வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

1919 ஆகஸ்ட் 12-இல் ஆமதாபாத் ஜவுளி ஆலை அதிபர் அம்பாலால் சாராபாயின் மகனாகப் பிறந்தவர் விக்ரம். கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தபோது உலகப் போர் மூண்டதால் நாடு திரும்பி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி. ராமனின் மேற்பார்வையில் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். பெங்களூரில் அறிமுகமான நடனக் கலைஞர் மிருணாளினியை 1942-இல் சென்னையில் மணந்தார். அம்மு சுவாமிநாதனின் மகள், கேப்டன் லட்சுமியின் தங்கை மிருணாளினி. அந்த வகையில் சாராபாய் சென்னைக்கு மாப்பிள்ளை.

போருக்குப் பின் கேம்பிரிட்ஜ் சென்று முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர், 1947 நவம்பரில் ஆமதாபாதில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 28. அதற்கான பணம் குடும்ப அறக்கட்டளையிலிருந்தும் உள்ளூர்க் கல்விச் சங்கத்திலிருந்தும் வந்தது. ஜவுளி ஆலைகளுக்கான கூட்டு ஆராய்ச்சிச் சங்கம், சந்தை ஆய்வு நிறுவனம், 1961-இல் ஆமதாபாத் மேலாண்மைக் கழகம் என அவர் கைபட்டு எழுந்தவை பல. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் அவருடைய ராக்கெட்டுகளைவிட என்னை ஈர்ப்பது இந்தப் பட்டியல்தான். ஆலை அதிபர்களின் பணத்தையும் அரசின் பணத்தையும் ஆய்வாளர்களின் சுதந்திரத்தையும் ஒரே கூரையின்கீழ் உட்கார வைக்கும் வித்தை அவருக்குத் தெரிந்திருந்தது.

1962-இல் அவர் தலைமையில் விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு அமைந்தது. தும்பா மீனவர் கிராமத்தின் தேவாலயம் ஆய்வுக்கூடமானதும், ராக்கெட் பாகம் சைக்கிளில் சென்றதும் பலரும் அறிந்தவை. 1963 நவம்பர் 21-இல் அங்கிருந்து ஏவப்பட்ட முதல் ராக்கெட் அமெரிக்காவினுடையது என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

வறுமையில் வாடும் நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்ற கேள்விக்கு அவர் ராக்கெட்டிலிருந்து விடை தேடவில்லை. கிராமத்துக்குக் கல்வி, உழவருக்கு வானிலைத் தகவல், மலைப்பகுதிக்குத் தகவல்தொடர்பு என்று தேவையிலிருந்து தொடங்கினார். செயற்கைக்கோள் வழியே கிராமங்களுக்குத் தொலைக்காட்சி என்ற சோதனைக்கு 1969-இல் நாசாவுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1975-76-இல் 6 மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களில் நிகழ்ந்த அச்சோதனைக்குப் பயன்பட்டது இரவல் செயற்கைக்கோள். நம்முடைய ராக்கெட் நம்முடைய செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியதோ 1980-இல்தான். துணிக்கு ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தறியை ஓட்டும் வணிகக் குடும்பத்துப் பிள்ளையின் கணக்கு அது.

குறைகளும் இருந்தன. 1966-இல் ஹோமி பாபாவின் மறைவுக்குப் பின் அணுசக்தி ஆணையத்தையும் ஏற்றார். ஒரு மனிதர் சுமக்கக்கூடாத சுமை அது. 1980-க்குள் 2,700 மெகாவாட் அணுமின்சாரம் என்று அவர் வகுத்த இலக்கு எட்டப்படவில்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் 1971 அக்டோபர் 9-இல் எழுந்தது. அதே ஆண்டு டிசம்பர் 30-இல் கோவளத்தில் உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 52.

இப்போது பக்கத்து நாட்டைப் பார்ப்போம். சீனா 2014-இல் விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்தது. அடுத்த ஆண்டு பிறந்த லேண்ட்ஸ்பேஸ் நிறுவனத்தின் ஜூச்சுவே-2 ராக்கெட், மீத்தேனை எரிபொருளாகக் கொண்டு சுற்றுப்பாதையை எட்டிய உலகின் முதல் ராக்கெட்டாக 2023 ஜூலையில் பெயர் பெற்றது. இதைத் தனியார் முதலீட்டின் சாதனை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அங்கே மாகாண அரசுகளும் முதலீடு செய்கின்றன. பல்லாயிரம் இணையச் செயற்கைக்கோள்களை ஏவும் அரசுத் திட்டங்கள் வாடிக்கையாளராகக் காத்திருக்கின்றன.

நாம் 2020-இல் கதவைத் திறந்தோம்; குலசேகரன்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்கென ஏவுதளத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டினோம். ஆனால், பெரிய ராக்கெட்டில் பலரோடு இடம் பகிர்ந்து குறைந்த கட்டணத்தில் செல்லும் வசதியை ஸ்பேஸ்எக்ஸ் அளிக்கும்போது, நம் சிறிய ராக்கெட்டில் ஏற யார் வருவார்கள்? மானியமும் ஏவுதளமும் இதற்கு விடையாகா. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவரிடம் கேட்டால் சொல்வார்: ஒரு தடவை வரும் ஆர்டருக்காக யாரும் புது இயந்திரம் வாங்கமாட்டார்கள். வானிலை, மீன்வளம், பேரிடர் மேலாண்மைத் துறைகள் தமக்கு வேண்டிய சிறு செயற்கைக்கோள்களைக் கணக்கிட்டு, ஆண்டுக்கு இத்தனை ஏவுதல்கள் என்று 5 ஆண்டுகளுக்கு முன்கூட்டியே கொள்முதல் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அந்தக் கணக்கைப் போடுவதற்கு ராக்கெட் பறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.