கல்லில் ஒரு பெயர்

கழுகுமலையில் எங்கள் வீட்டில் கதைப் புத்தகத்துக்கு நல்ல பெயர் கிடையாது. முதல் பருவத் தேர்வில் நான் ஒரு தாளில் தவறியதும், தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் உழைத்து என்னைப் படிக்க வைக்கும் அம்மா, பழி முழுவதையும் கதைகளின் மேல் போட்டு விட்டாள். அது முற்றிலும் பொய்யுமல்ல! தேர்வு நெருங்கிய வேளையில் நான் படித்தது, 1811 முதல் 1820 வரையிலான இங்கிலாந்தின் ரீஜன்ஸிக் காலத்துக் காதல் நவீனம் ஒன்று. மனம்போன போக்கில் திரியும் ஒரு பிரபு. அவனைத் திருத்தும் ஒரு சீமாட்டி. அதை முடித்த கையோடு 'பொன்னியின் செல்வ'னை எடுத்தேன். அங்கேயும் துடுக்கு மிகுந்த ஒரு வாலிபன், வந்தியத்தேவன். அவனைத் தன் அறிவால் ஆட்கொள்ளும் இளைய பிராட்டி குந்தவை! இவர்களைப் படைத்தவர் யார் என்று அறிய ஆவல் கொண்டேன்.

ரா. கிருஷ்ணமூர்த்தி என்னும் கல்கி, 1899 செப்டம்பர் 9-ல் மாயவரம் பகுதியிலுள்ள புத்தமங்கலத்தில் பிறந்தார். திருச்சியில் பயிலுகையில், 1921-ல் காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பை ஏற்றுப் பள்ளியிறுதித் தேர்வு எழுதாமலே வெளியேறினார். மறு ஆண்டு சிறை புகுந்தார். பட்டம் பெறாத அவருக்குத் திரு.வி.க.வின் 'நவசக்தி'யும், ராஜாஜியின் 'விமோசன'மும், பின்னர் 'ஆனந்த விகட'னும் கல்லூரிகளாயின எனலாம். 1941-ல் சதாசிவத்துடன் சேர்ந்து 'கல்கி' இதழைத் தொடங்கினார். 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' இரண்டும் அதில் தொடராக வந்தன. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வெளிவந்தது.

நம் கரிசல் சீமையும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. பாரதி பிறந்த எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழுப்பத் தம் இதழின் வழியே நிதி திரட்டினார். 1945-ல் அடிக்கல் நாட்டிய ராஜாஜியே 1947-ல் அதைத் திறந்தும் வைத்தார்.

1954 டிசம்பர் 5-ல், தம் 55-ஆம் வயதில் கல்கி மறைந்தார். முற்றுப்பெறாத 'அமரதாரா'வை மகள் ஆனந்தி எழுதி முடித்தார்.

வந்தியத்தேவன் வெறும் கற்பனையா? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியெனக் குறிக்கிறது. கல்லில் கிடந்த அந்தப் பெயருக்கு உயிரூட்டிக் குதிரையும் கொடுத்து நம்மிடையே ஓடவிட்டவர் கல்கி. இதை அறிந்த பிறகே வரலாறு எனக்குப் பாடமாக இல்லாமல் மனிதர்களாகத் தெரிந்தது. தவறிய தாளை மறுமுறை எழுதித் தேறினேன். அம்மா பரணில் போட்ட புத்தகத்தை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

எங்கள் மலையிலும் சமணச் சிற்பங்களின் கீழே வட்டெழுத்தில் எத்தனையோ பெயர்கள்! அவற்றுள் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் உண்டு. சிறுவயதில் அவற்றைக் கீறல்கள் என்றே எண்ணினேன். இப்போது அங்கே ஏறினால், ஒவ்வொரு பெயரின் முன்னும் நிற்கிறேன். நண்பர்களே, அவர்களின் கதையை எழுதப்போவது நம்மில் யார்?