வான்வழி ஊர்களை இணைக்க விழைந்தவர்

நுழையும் முன்

மாணவர்களே, உங்களுள் பலருடைய பெற்றோர் தொழிலின்பொருட்டுத் தமிழ்நாட்டிலிருந்து திருவனந்தபுரத்திற்கு வந்து குடியேறியவர்கள். பழவங்காடியில் இருந்துகொண்டே மதுரையிலும் திருநெல்வேலியிலும் வாழும் தாத்தா பாட்டியிடம் முகம் பார்த்துப் பேசுகிறீர்கள். தொலைவில் உள்ளோரை இவ்வாறு இணைக்கும் தொழில்நுட்பங்கள் ஒரே நாளில் தோன்றியவை அல்ல. உலகின் பல நாடுகளில் மக்களின் வரிப்பணத்தைக்கொண்டு பல்லாண்டுகள் நடைபெற்ற ஆராய்ச்சியின் பயன்கள் அவை. நம் நாட்டில் அத்தகைய ஆராய்ச்சிக்கு வித்திட்ட ஒருவர், இந்நகருக்கு அருகிலுள்ள தும்பாவைத் தம் பணிக்களமாகத் தேர்ந்தெடுத்தார். அவரே டாக்டர் விக்ரம் சாராபாய். அவரது வாழ்வை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் கல்வியும்

விக்ரம் சாராபாய் 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் குஜராத்தின் அகமதாபாத் நகரில் பிறந்தார். தந்தையார் அம்பாலால், தாயார் சரளாதேவி. நூற்பாலைகளை நடத்திய செல்வக் குடும்பம் அது. பிள்ளைகள் எண்மருக்காகவும் தாயார் வீட்டிலேயே ஒரு பள்ளியை அமைத்தார். செய்து பார்த்துக் கற்கும் முறை அங்குப் பின்பற்றப்பட்டது.

உள்ளூர்க் கல்லூரியில் பயின்றபின் சாராபாய் இங்கிலாந்து சென்று, 1940ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியலில் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப்போரின் காரணமாகத் தாயகம் திரும்பிய அவர், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி. வி. இராமனின் வழிகாட்டுதலில் ஆய்வைத் தொடங்கினார். விண்வெளியிலிருந்து பூமியை இடையறாது வந்தடையும் காஸ்மிக் கதிர்களே அவரது ஆய்வுப்பொருள்.

1942ஆம் ஆண்டு சாராபாய்க்குத் திருமணம் நடைபெற்றது. மணமகள் மிருணாளினி, சென்னையில் புகழ்பெற்ற வழக்கறிஞராக விளங்கிய சுவாமிநாதனுக்கும் பாலக்காட்டுப் பகுதியைச் சேர்ந்த அம்மு சுவாமிநாதனுக்கும் மகள். பரதநாட்டியத்தில் தேர்ந்த கலைஞர். குஜராத், தமிழ்நாடு, கேரளம் ஆகிய மூன்று மண்ணின் உறவும் இவ்வாறு ஒரே இல்லத்தில் கூடின.

ஆய்வகங்களை உருவாக்குதல்

போர் முடிந்தபின் சாராபாய் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று 1947ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே நாடு விடுதலை அடைந்தது. நவம்பர்த் திங்களில் அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தை நிறுவினார். அப்போது அவருக்கு வயது 28. ஓர் அறிவியல் கல்லூரியின் சில அறைகளில்தான் அக்கூடம் தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் அறக்கட்டளைகளின் ஆதரவில் நடந்த அது, பின்னர் அரசின் நிதியுதவியால் வளர்ந்து நாட்டின் முதன்மையான ஆய்வு நிறுவனங்களுள் ஒன்றாயிற்று.

ஓர் அறிஞர் தம் சொந்தச் செல்வத்தைக்கொண்டு ஓர் ஆய்வகத்தைத் தொடங்கலாம். ஆயினும் ஏவூர்தி, செயற்கைக்கோள், நாடு தழுவிய செய்தித்தொடர்பு ஆகியவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டும். நெடுங்காலப் பொறுமையும் வேண்டும். உடனடி ஆதாயத்தை எதிர்நோக்கும் வணிகர் அவற்றில் முதலிடத் தயங்குவர். ஆகவே அரசு முன்வர வேண்டும் என்பதைச் சாராபாய் உணர்ந்தார். அவரது முயற்சியால் 1962ஆம் ஆண்டு இந்திய விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு அமைக்கப்பட்டது. அவரே அதன் தலைவரானார்.

தும்பாவும் மக்களின் கொடையும்

பூமியின் காந்த நடுக்கோடு தும்பாவின் அருகே செல்கிறது. அக்கோட்டிற்கு மேலே, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், வளிமண்டலத்தில் ஒரு மின்னோட்டம் நிகழ்கிறது. அதனை ஆராய ஏவூர்திகளை அனுப்புவதற்குத் தும்பாவே ஏற்ற இடமாக விளங்கியது. மேற்கே பரந்த கடல் இருந்தமையால், பயன்முடிந்த பாகங்கள் எவருக்கும் தீங்கின்றி நீரில் விழும் என்ற வசதியும் இருந்தது.

ஆனால் அது ஆளற்ற நிலம் அன்று. மீனவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்து வந்தன. அவர்கள் வழிபட்ட புனித மரிய மகதலேனாள் தேவாலயமும் அங்கிருந்தது. சாராபாய், ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவைச் சந்தித்துத் தம் நோக்கத்தை விளக்கினார். ஆயர் அதனை மக்கள்முன் வைத்தார். அம்மக்கள் இசைந்தனர். மீனவர் குடும்பங்கள் வேறிடம் பெயர்ந்தன. தேவாலயம் ஆய்வுக்கூடமாயிற்று, ஆயரின் இல்லம் பணிமனையாயிற்று. அறிவியலுக்காக இந்நாட்டு மக்கள் அளித்தது வரிப்பணம் மட்டுமன்று. சிலர் வாழ்ந்த மண்ணையும் அளித்தனர் என்பதைத் தும்பா நமக்கு நினைவூட்டுகிறது. அத்தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாகத் திகழ்கிறது.

அங்குப் பணியாற்ற வந்த இளைஞர்களுள் இராமேசுவரத்தைச் சேர்ந்த அப்துல் கலாமும் ஒருவர். தொடக்க நாள்களில் இளம்பொறியாளர்கள் நகரில் தங்கி, பேருந்தில் தும்பா சென்று வந்தனர். ஏவூர்தியின் பாகங்கள் மிதிவண்டியில் வைத்தும் எடுத்துச் செல்லப்பட்டன. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் மாலை, முதல் ஆய்வு ஏவூர்தி தும்பாவிலிருந்து விண்ணில் பாய்ந்தது. ஏவூர்தி அமெரிக்காவிலிருந்து வந்தது. அது சுமந்து சென்ற சோடியம் ஆவிக் கருவி பிரான்சிலிருந்து வந்தது. அந்திவானில் தோன்றிய செம்மஞ்சள் நிற மேகத்தைத் திருவனந்தபுரத்து மக்கள் வியந்து நோக்கினர். 1968ஆம் ஆண்டு தும்பா நிலையம் ஐக்கிய நாடுகள் அவைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பிற நாட்டு அறிவியலாளரும் அங்கு ஆய்வு செய்ய அதனால் வழி பிறந்தது.

எழுந்த வினா

1965, 1966ஆம் ஆண்டுகளில் நாட்டின் பல பகுதிகளில் மழை பொய்த்தது, உணவுப்பஞ்சம் தலைதூக்கியது. கப்பல்களில் வரும் அயல்நாட்டுக் கோதுமையை நாடு நம்பியிருந்த காலம் அது. பசித்திருக்கும் நாட்டில் விண்வெளிக்குப் பணம் செலவிடுதல் முறையோ என்று பலர் கேட்டனர். அவ்வினா நியாயமான வினாவே.

சாராபாய் அதனைப் புறந்தள்ளவில்லை. நிலவுக்கு மனிதரை அனுப்புவதில் வளம்மிக்க நாடுகளோடு போட்டியிடும் எண்ணம் தமக்கு இல்லை என்று அவர் தெளிவுபடுத்தினார். மக்களின் அன்றாடத் துன்பங்களைத் தீர்க்க உயர்தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பதே அவரது கொள்கை. நல்ல விதையைப் பற்றிய செய்தியும் நோய்த்தடுப்பைப் பற்றிய அறிவும் நகரத்தோடு நின்றுவிட்டால், சிற்றூர்கள் பின்தங்கியே இருக்கும். ஊர்தோறும் கம்பி இழுக்கவும் கோபுரம் எழுப்பவும் பல்லாண்டுகள் ஆகும். பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை நிறுத்தினால், அது பூமி சுழலும் வேகத்திற்கு இணையாகச் சுற்றி, வானில் ஓரிடத்தில் நிலைத்திருப்பதுபோல் தோன்றும். அங்கிருந்து நாடு முழுவதற்கும் ஒரே நேரத்தில் செய்தியை அனுப்பலாம். மலையும் காடும் அதற்குத் தடையாகா.

அவர் கொள்கையளவில் நின்றுவிடவில்லை. 1967ஆம் ஆண்டு அகமதாபாத்தில் ஆய்வுக்கான செயற்கைக்கோள் தரைநிலையம் ஒன்று ஐக்கிய நாடுகள் அமைப்பின் உதவியோடு நிறுவப்பட்டது. அவ்வாண்டே தில்லியைச் சுற்றியுள்ள 80 சிற்றூர்களில் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டு, உழவர்க்கான நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. செய்தி சென்றடைந்தால் மக்கள் பயன்கொள்வார்களா என்பதை முதலில் சிறிய அளவில் சோதித்தறிய வேண்டும் என்று அவர் கருதினார்.

இரண்டு வலைகள் தோன்றிய ஆண்டு

1969ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. அடுத்த திங்களே, ஓராண்டுக் காலத்திற்கு அமெரிக்கச் செயற்கைக்கோளின் வழியாக இந்தியச் சிற்றூர்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி வழங்குவதற்கான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

அதே ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொலைவிலுள்ள இரு கணினிகளுக்கிடையே முதற்செய்தி சென்றது. அர்ப்பாநெட் என்னும் அவ்வலையமைப்பே இன்றைய இணையத்தின் முன்னோடி. அதற்கும் அந்நாட்டு அரசே பணம் அளித்தது. செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து அனுப்பி, சேருமிடத்தில் மீண்டும் ஒன்றுசேர்க்கும் முறையை அதன் ஆய்வாளர்கள் கையாண்டனர். கணினிகள் ஒன்றோடொன்று உரையாடுவதற்குப் பின்னர் அவர்கள் வகுத்த விதிமுறைகள் உலகறிய வெளியிடப்பட்டன. எவரும் கட்டணமின்றி அவற்றைப் பயன்படுத்த முடிந்தது.

சாராபாயின் வலை வானத்தினின்று ஊர்களுக்கு ஒருவழியாகச் செய்தியைக் கொண்டுசெல்லும் வலை. மற்றது கணினிகளை இருவழியாகப் பிணைக்கும் வலை. ஆயினும் பொதுப்பணத்தால் விளைந்த அறிவு பொதுவுடைமையாக வேண்டும் என்ற நெறி இரண்டுக்கும் பொருந்தும்.

மறைவும் கனவின் தொடர்ச்சியும்

1966ஆம் ஆண்டு விமான விபத்தில் ஹோமி பாபா மறைந்தபின், அணுசக்தி ஆணையத்தின் தலைமைப் பொறுப்பும் சாராபாயிடம் வந்தது. ஓய்வின்றி நாடெங்கும் பயணம் செய்து உழைத்தார். 1971ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் தும்பாப் பணிகளின்பொருட்டுத் திருவனந்தபுரம் வந்தவர், கோவளத்தில் தங்கியிருந்தபோது 30ஆம் நாள் உறக்கத்திலேயே உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 52. இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டாவையும் அவர் காணவில்லை. தாம் திட்டமிட்ட தொலைக்காட்சி சிற்றூரில் ஒளிர்ந்ததையும் காணவில்லை.

எனினும் அவர் உருவாக்கிய குழுவினர் பணியைத் தொடர்ந்தனர். 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 சூலை 31 வரை, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த 2,400 சிற்றூர்கள் செயற்கைக்கோள் வழியாகக் கல்வி நிகழ்ச்சிகளைப் பெற்றன. அமெரிக்கச் செயற்கைக்கோள் மிகுந்த ஆற்றலுடன் ஒளிபரப்பியதால், கம்பிவலையால் செய்யப்பட்ட ஏறத்தாழ 3 மீட்டர் அகலமுள்ள எளிய அலைவாங்கியே ஊர்களுக்குப் போதுமானதாக இருந்தது. காலையில் பள்ளிச் சிறுவர்களும் மாலையில் உழவர்களும் ஒன்றாக அமர்ந்து பார்த்தனர்.

அப்பட்டறிவின் துணையோடு நம் நாடு இன்சாட் செயற்கைக்கோள் வரிசையை அமைத்தது. 1986ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எர்நெட் என்னும் அரசுத்திட்டம், சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட உயர்கல்வி நிறுவனங்களின் கணினிகளைப் பிணைத்து, இணைய ஆராய்ச்சியை நம் நாட்டில் தொடங்கிவைத்தது. தேசியத் தகவலியல் மையம் செயற்கைக்கோளின் வழியே மாவட்டத் தலைநகரங்களின் கணினிகளை இணைத்தது. 1995ஆம் ஆண்டு விடுதலைநாளன்று இணையம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று இணையச் செய்திகளுள் பெரும்பகுதி கண்ணாடி இழைகளின் வழியே செல்கிறது. எனினும் கம்பி எட்டாத தீவுகளுக்கும் மலையூர்களுக்கும் செயற்கைக்கோளே துணைநிற்கிறது.

தும்பாவிலுள்ள விண்வெளி மையம் இன்று விக்ரம் சாராபாயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பசித்த நாட்டுக்கு விண்வெளி ஏன் என்ற வினாவிற்கு அவர் காட்டிய விடை, கடைக்கோடி ஊருக்கும் பயன் சேர்க்க வேண்டும் என்பதே. நம் காலத்திலும் இணையம் எட்டாத இல்லங்கள் உள்ளன. அவற்றையும் இணைக்கும் நாளில்தான் மண்ணைக் கொடுத்த தும்பா மக்களின் கடன் முழுமையாகத் தீரும்.

சொற்பொருள்

விழைதல் – விரும்புதல்
திங்கள் – மாதம்
பெயர்தல் – இடம்விட்டு இடம் செல்லுதல்
பட்டறிவு – அனுபவத்தால் பெற்ற அறிவு
கடைக்கோடி – இறுதி எல்லை
நெறி – ஒழுகும் முறை

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஏவூர்திகளை அனுப்பத் தும்பா ஏற்ற இடமாக விளங்கியது ஏன்?
2. 1969ஆம் ஆண்டின் சிறப்புகள் யாவை?
3. 1975ஆம் ஆண்டு சிற்றூர்களில் எளிய அலைவாங்கியே போதுமானதாக இருந்தது எதனால்?

ஆ. சுருக்கமாக விடை எழுதுக.
1. தும்பா மக்கள் அறிவியலுக்கு ஆற்றிய பங்கினை எடுத்துரைக்க.
2. பசித்திருக்கும் நாட்டுக்கு விண்வெளி ஆராய்ச்சி தேவையா என்ற வினாவிற்கு நீவிர் கூறும் விடை யாது? காரணம் காட்டுக.

இ. பிரித்து எழுதுக.
1. பொதுப்பணம்  2. செம்மஞ்சள்  3. கடைக்கோடி

ஈ. செயல்பாடு
உங்கள் தாத்தா பாட்டி இளமையில் தொலைவிலுள்ள உறவினரோடு எவ்வாறு செய்தி பரிமாறிக்கொண்டனர் என்பதை அவர்களிடம் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதி வருக.