புற்றுநோயை எதிர்த்த புதுக்கோட்டைப் பெண்மணி

பத்தாம் வகுப்பு மாணவி

புதுக்கோட்டை மண் ஈன்ற பெண்மணிகளுள் தலைசிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். இவர் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் பிறந்தார். பெண்கள் பருவமடைந்ததும் படிப்பை நிறுத்திவிடும் காலம் அது. ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் ஒரு பெண் சேர்வதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் துணிந்து இடமளித்தார். அம்மையார் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்று வெளிவந்தார்.

சென்னை சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினரும் இவரே. அதன் துணைத் தலைவராகவும் பணியாற்றினார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டம் 1947இல் சட்டமாகக் கனிந்தது. ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தை நிறுவினார்.

இத்தனை தொண்டுகளுக்கிடையே ஆறாத புண் ஒன்று அவர் நெஞ்சில் இருந்தது. அன்புத் தங்கை புற்றுநோயால் மடிந்தார். தாம் மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காப்பாற்ற இயலவில்லையே என்று வருந்திய அம்மையார், இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை காண உறுதி பூண்டார். புற்றுநோயாளிகள் எப்படியும் இறப்பவர்கள்தானே, அவர்களுக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்ற எண்ணமே அன்று மேலோங்கியிருந்தது. அம்மையார் தளரவில்லை. ஊர் ஊராக நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனைக் கட்டி வளர்த்தனர். 1950களிலேயே அங்குக் கோபால்ட் கதிர்க்கருவி வந்து சேர்ந்தது.

நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்று அஞ்சப்படுவது இக்கதிர்ச் சிகிச்சையே. உண்மையில் இது மின்சாரம் அன்று. கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் உயிரணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையை அறுக்கின்றன; அவ்வணு பெருக முடியாமல் அழிகிறது. எந்த அணுவில் கதிர் படும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் எத்தனை மடியும் என்பதைக் கணக்கிடலாம். எக்ஸ் கதிர் பட்ட நுண்ணுயிர்களின் அழிவை நிகழ்தகவுக் கணக்கால் விளக்கி மேரி கியூரி அம்மையார் 1929இல் கட்டுரை எழுதினார்.

நாம் கணக்குப் பாடத்தில் கற்கும் பெருக்குத் தொடர் வரிசையே இங்கும் பயன்படுகிறது. ஒரு நாள் சிகிச்சையில் நோயணுக்களில் பாதி அழிவதாகக் கொள்வோம். 1,024 அணுக்கள் 512 ஆகும். பின் 256 ஆகும். பத்தாம் நாள் ஒன்றே மிஞ்சும். பத்து இலட்சம் அணுக்களுக்கோ இருபது நாட்கள் வேண்டும்.

அப்படியானால் முழுவதையும் ஒரே நாளில் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அளவை இரட்டித்தால் ஒருவகைச் சேதம் இரு மடங்காகும். மற்றொரு வகை, இருபடியாகப் பெருகி, நான்கு மடங்காகும். இந்த இரண்டாம் வகையால் பெரிதும் துன்புறுவன பக்கத்திலுள்ள நல்ல திசுக்களே. ஆகவேதான் சிறு சிறு அளவாகப் பிரித்துத் தருகின்றனர். இடைவேளையில் நல்ல அணுக்கள் தம்மைச் செப்பனிட்டுக் கொள்கின்றன.

ஆனால் பாதியில் நிறுத்தினால் மிஞ்சிய நோயணுக்கள் மறுபடியும் பெருகும். நம் கொல்லிமலையிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சிகிச்சைக்குச் செல்வது எளிதன்று. சற்றுக் குணம் தெரிந்ததும் வீடு திரும்ப மனம் விரும்பும். அந்த இறுதி நாட்களில்தான் கடைசி அணுக்கள் அழிகின்றன என்பதைப் பெரியோருக்கு எடுத்துச் சொல்வது படித்த நம் கடமை.

1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் இயற்கை எய்தினார். தங்கைக்குக் கிட்டாத சிகிச்சை இன்று அடையாற்றில் எண்ணற்ற ஏழைகளுக்குக் கிட்டுகிறது. தொடங்கிய நற்செயலை முடிக்கும்வரை கைவிடாத அவரது உறுதியை நாமும் பெறுவோமாக!