சத்தத்தை அடக்கிய மாக்சிம்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதியில் ஜி.எஸ்.டி. சாலையோரம் வசிப்பவர்களுக்குச் சைலன்சர் என்றால் என்னவென்று சொல்லவேண்டியதில்லை. மோட்டார் சைக்கிளின் அடிப்புறம் நீளமாக இருக்கும் இரும்புக் குழாய்தான் சைலன்சர். அதில் ஓட்டை விழுந்துவிட்டால் தெருவே அதிரும். தொட்டிலில் தூங்கும் குழந்தை அலறி எழுந்துவிடும்.

இந்தச் சைலன்சர் என்ற பெயருக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர் ஓர் அமெரிக்கர். அவர் பெயர் ஹிராம் பெர்சி மாக்சிம். ஆனால் அவர் முதலில் அடக்க முயன்றது வண்டியின் சத்தத்தை அல்ல. துப்பாக்கியின் வெடிச் சத்தத்தை!

அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. காதைப் பிளக்கும் எந்திரத் துப்பாக்கியைச் செய்தவர் இவருடைய தந்தை!

தந்தை செய்த துப்பாக்கி

பெர்சி மாக்சிம் 1869-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந்தேதி நியூயார்க்கை அடுத்த புரூக்ளினில் பிறந்தார். தந்தை ஹிராம் ஸ்டீவன்ஸ் மாக்சிம். தாய் ஜேன். தங்கைகள் இரண்டு பேர்.

தந்தை மகா மூளைக்காரர். எந்த எந்திரத்தைக் கண்டாலும் அதைவிட நல்லதாக ஒன்று செய்யவேண்டும் என்று துடிப்பவர். ஆனால் குடும்பத்தில் ஒட்டாதவர். 1881-ல் அவர் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். மறுபடி வந்து மனைவி மக்களோடு குடித்தனம் நடத்தவே இல்லை. அப்போது பெர்சிக்குச் சுமார் பன்னிரண்டு வயது. தந்தை உயிரோடு இருந்தும் தந்தை இல்லாத பிள்ளையாக அவர் வளர்ந்தார்.

லண்டனில் தங்கிய தந்தை 1884-ல் ஒரு புதுத் துப்பாக்கியைச் செய்து முடித்தார். ஒரு குண்டு வெடித்ததும் துப்பாக்கி பின்னால் உதைக்கும் அல்லவா? அந்த உதைப்பைக் கொண்டே காலிக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றி, தானாகவே சுடும்படி செய்தார். விசையை அழுத்திப் பிடித்தால் போதும். நிமிஷத்துக்கு 600 குண்டுகள்! அதுதான் மாக்சிம் எந்திரத் துப்பாக்கி. ஆப்பிரிக்காவைப் பிடிக்கப் போன வெள்ளைக்காரப் படைகள் அதைக் கொண்டு ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்று குவித்தன. 1901-ல் தந்தைக்குச் சர் பட்டம் கிடைத்தது.

இத்தனை வேகமாகச் சுட்டால் குழாய் பழுக்கக் காயும். அதற்காகக் குழாயைச் சுற்றித் தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். மாக்சிம் துப்பாக்கியின் வாரிசாக 1912-ல் வந்தது விக்கர்ஸ் துப்பாக்கி. அதன் தொட்டியில் சுமார் 4 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். நிறுத்தாமல் 600 குண்டுகள் சுட்டால், அதாவது ஒரு நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகச் சுட்டால், தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். சுமார் 10,000 குண்டுகள் சுட்டபின் தேய்ந்த குழாயைக் கழற்றிவிட்டு வேறு குழாய் மாட்டவேண்டும்.

குழாயைக் காப்பாற்றத் தண்ணீர் இருந்தது. காதைக் காப்பாற்ற எதுவும் இல்லை. வருஷக்கணக்காகத் தன் துப்பாக்கியின் அருகில் நின்று சுட்டுச் சுட்டுப் பார்த்ததில் தந்தையின் காது செவிடாகிவிட்டது.

பட்டறையில் பிள்ளை

தாயின் நிழலில் வளர்ந்த பெர்சியும் படிப்பில் கெட்டிக்காரர். புகழ்பெற்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்து 1886-ல் தேறி வெளியே வந்தார். அப்போது வயது பதினாறுதான்!

சில வருஷங்களில் லின் நகரில் பீரங்கிக் குண்டுகள் செய்யும் கம்பெனியில் வேலையில் அமர்ந்தார். இரவில் பட்டறையில் தனியாக இருந்து பெட்ரோலை ஆராய்ந்தார். காலியான பித்தளைத் தோட்டாக் கூட்டுக்குள் சில துளி பெட்ரோல் வெடிக்கும் வேகத்தைக் கண்டு அசந்து போனார். இந்த வேகத்தைக் கொண்டு வண்டி ஓட்டலாமே என்று தோன்றியது. மூன்று சக்கர சைக்கிளில் எஞ்சினை மாட்டிப் பார்த்தார். 1895-ல் ஹார்ட்போர்டு நகரின் போப் கம்பெனி அவரை அழைத்துக்கொண்டது. சைக்கிள் செய்து பேர் பெற்ற அந்தக் கம்பெனிக்கு அவர் மோட்டார் வண்டிகள் செய்து கொடுத்தார்.

1898-ல் ஜோசபின் என்ற பெண்ணை மணந்தார். மேரிலாந்து மாகாணத்தின் முன்னாள் கவர்னரின் மகள் அவர். அதன்பின் ஹார்ட்போர்டுதான் பெர்சியின் ஊர்.

குளியல் தொட்டி சொன்ன ரகசியம்

சுடுவதில் ஆசை உள்ள பெர்சிக்குத் துப்பாக்கியின் சத்தம் பிடிக்கவில்லை. அதை எப்படி அடக்குவது? ஒருநாள் குளித்து முடித்துத் தொட்டியின் அடைப்பைத் திறந்தார். தண்ணீர் நேராக இறங்காமல் சுழன்று சுழன்று துவாரத்தில் இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தண்ணீரைப்போல வெடிப் புகையையும் சுழலவிட்டால் என்ன என்று யோசனை பிறந்தது.

அதன் சூட்சுமம் எளிதுதான். ஒரு பலூனை ஊசியால் குத்தினால் டமார் என்று வெடிக்கிறது. அதே பலூனின் முடிச்சை மெல்ல அவிழ்த்தால் புஸ்ஸென்று காற்று இறங்குகிறது. இரண்டிலும் காற்று ஒன்றுதான். ஒரே நொடியில் வந்தால் வெடி. மெதுவாக வந்தால் மூச்சு.

துப்பாக்கியிலும் அப்படித்தான். குண்டுக்குப் பின்னால் மருந்தின் புகை பெரும் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. குண்டு வெளியேறியதும் புகை ஒரேயடியாகப் பாய்கிறது. அதுதான் வெடிச் சத்தம். பெர்சி, துப்பாக்கியின் வாயில் ஒரு குழலை மாட்டினார். குழலுக்குள் வரிசையாகத் தடுப்புத் தகடுகள். நடுவில் குண்டு போக ஒரு துவாரம். குண்டு நேராகப் போய்விடும். புகையோ தகடுகளில் மோதி, சுழன்று, ஆறி, அடங்கி, பிறகுதான் வெளியே வரும்.

1909-ம் ஆண்டு மார்ச் 30-ந்தேதி இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டும் மாக்சிம் சைலன்சர் பொருத்திய வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்தார்.

சினிமாவில் வருவதுபோல் துப்பாக்கி ஊமையாகிவிடாது. சத்தம் காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. ஸ்பிரிங்பீல்டு என்ற ராணுவத் துப்பாக்கியின் குண்டு விநாடிக்கு 800 மீட்டருக்கு மேல் போனது. சத்தத்தை முந்திச் செல்லும் குண்டு, சாட்டையைச் சொடுக்கியதுபோல் ஓசை எழுப்பும். அதை எந்தச் சைலன்சராலும் அடக்க முடியாது. ஆனாலும் காதைக் கிழிக்கும் வெடி பெருமளவு தணியும். சுடுகிறவனின் காது பிழைக்கும்.

காது பிழைப்பது சின்ன விஷயமா? நம் பரங்கிமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி ஆட்சிக் காலத்தில் சென்னைப் பீரங்கிப் படைக்கு அதுதான் தலைமையிடம். 1963 முதல் ராணுவ அதிகாரிகளுக்கும் அங்கே பயிற்சி நடக்கிறது. பீரங்கியோ துப்பாக்கியோ, பக்கத்தில் நின்று பழகுகிறவர்களின் செவிக்கு ஆபத்துதான். போன செவி திரும்பி வருவதில்லை.

நெருப்புப் பரீட்சை

அமெரிக்க ராணுவம் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாக்சிம் சைலன்சரை ஸ்பிரிங்பீல்டு துப்பாக்கியில் மாட்டிச் சோதித்தது. அந்தத் துப்பாக்கியில் ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளவேண்டும். அதனால் குண்டுக்குக் குண்டு சைலன்சருக்குச் சற்றே இளைப்பாற நேரம் உண்டு.

தந்தையின் துப்பாக்கியைப்போல் மழையாகப் பொழிந்தால் என்ன ஆகும்? அங்கேதான் சங்கடம்!

புகையின் வேகத்தை அடக்குகிற சைலன்சர் அதன் சூட்டைத் தன் தலையில் வாங்கிக்கொள்கிறது. வெளிவரும் புகையின் சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டும். அடுப்பைத் தணிக்காமல் எரியவிட்ட தோசைக் கல்லைப்போல் குழலில் சூடு ஏறிக்கொண்டே போகும். இரும்பு முதலில் சிவக்கும்; பிறகு இளகும். எரியாமல் மீந்த மருந்துத் துகள்கள் மணலை வாரி இறைத்ததுபோல் தகடுகளை அரிக்கும். முதல் அடி விழுவது குண்டு நுழையும் பக்கத்தில் உள்ள முதல் தகட்டின்மேல்தான். ஒரு தகடு வளைந்து துவாரம் சற்று விலகினாலும், குண்டு அதில் இடிக்கும். குழலே பிய்த்துக்கொண்டு போகும்.

ஆகவே இந்தக் காலத்துச் சைலன்சர்களுக்குக் கடுமையான பரீட்சை வைக்கிறார்கள். முப்பது முப்பது குண்டுகள் அடங்கிய தோட்டாப் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி, ஆறவிடாமல் சுடுகிறார்கள். பிறகு ஆறவிட்டுத் துவாரம் நேராக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எடை போட்டு எத்தனை உலோகம் கரைந்தது என்று கணக்கிடுகிறார்கள். சத்தம் கூடியிருக்கிறதா என்று அளக்கிறார்கள். கடைசியில் குழலை நெடுக அறுத்து உள்ளே பார்ப்பதும் உண்டு.

டைட்டானியம் எடை குறைந்தது. ஆனால் கடும் சூட்டில் அதன் வலிமை குன்றும். நிக்கல் கலந்த உலோகங்கள் கனமானவை. ஆனால் சூட்டில் நிமிர்ந்து நிற்கும். ஆகவே அடை மழையாகச் சுடும் துப்பாக்கிக்கு நிக்கல் உலோகத்தையே நாடுகிறார்கள். எத்தனை சத்தத்தை அடக்குகிறது என்பது மட்டும் போதாது. எத்தனை நேரம் தாங்குகிறது என்பதுதான் முக்கியம்.

இரண்டு சட்டங்கள்

பெர்சியின் கண்டுபிடிப்பு இன்னொரு சோதனையையும் சந்தித்தது. கொலைகாரன் கையில் கிடைத்தால் என்ன ஆவது என்று ஜனங்கள் பயந்தார்கள். 1934-ல் அமெரிக்க அரசு சைலன்சருக்கு 200 டாலர் வரி போட்டது. அந்தக் காலத்தில் அது பெரும் தொகை.

பெர்சியோ அதற்கு முன்பே வேறு பாதையில் போய்விட்டார். புகை பாயும் இடமெல்லாம் சத்தம்தானே? துப்பாக்கியில் கற்ற பாடத்தைப் பெரிய எஞ்சின்களுக்கும் காற்றழுத்த எந்திரங்களுக்கும் பயன்படுத்தினார். அவருடைய கம்பெனி தொழிற்சாலைகளுக்குச் சைலன்சர் செய்து கொடுத்தது. துப்பாக்கி வியாபாரம் போயிற்று. சைலன்சர் வியாபாரம் நிலைத்தது.

நம் நாட்டுச் சட்டங்களும் இந்த இரண்டு பாதைகளையும் அறிந்திருக்கின்றன. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம், வெடிச் சத்தத்தைக் குறைக்கும் கருவியையும் துப்பாக்கி என்றே கணக்கில் வைக்கிறது. 1989-ம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளோ, ஒவ்வொரு மோட்டார் வண்டியிலும் சைலன்சர் இருந்தே தீரவேண்டும் என்கின்றன. ஒன்றைச் சட்டத்துக்கு மாறாக வைத்திருந்தால் குற்றம். மற்றொன்றை வைக்காமல் ஓட்டினால் குற்றம்!

எஞ்சினிலிருந்து வரும் புகையும் வெடித்துப் பிறந்த புகைதான். அதனால் வண்டிச் சைலன்சரும் சூட்டிலும் துருவிலும் நாளாவட்டத்தில் அரித்துப் போகிறது. மெக்கானிக் கடையில் ஓட்டையை அடைத்துப் பற்றவைப்பது இதற்காகத்தான். சில இளைஞர்கள் ஜம்பத்துக்காக உள்தகடுகளைப் பிடுங்கிவிட்டு ஓட்டுகிறார்கள். தெருவில் உள்ள நோயாளிக்கும் குழந்தைக்கும், ஓட்டுகிறவர் காதுக்கும் அது கேடு.

கடைசிப் பயணம்

சத்தத்தை அடக்கிய பெர்சிக்கு வானொலியில் அடங்காத ஆசை. தனிமனிதர்கள் வீட்டிலிருந்தே செய்தி அனுப்பும் அமெச்சூர் ரேடியோவில் ஈடுபட்டார். ஒருமுறை அவருடைய செய்தி தூரத்து ஊரை எட்டவில்லை. நடுவில் உள்ள ஊர்க்காரர் அதை வாங்கி மறு ஊருக்கு அனுப்பி உதவினார். இப்படி ஒருவருக்கொருவர் கை கொடுக்க ஒரு சங்கம் வேண்டும் என்று 1914-ல் அமெரிக்க ரேடியோ ரிலே லீகைத் தொடங்கினார். 2004-ம் ஆண்டு சுனாமியின்போது அந்தமானிலிருந்து செய்திகளை வெளி உலகுக்கு அனுப்பியவர்களில் இத்தகைய ரேடியோக்காரர்களும் இருந்தார்கள்.

1936-ல் கலிபோர்னியாவுக்குப் பிரயாணம் புறப்பட்ட பெர்சி வழியில் நோயுற்றார். கொலராடோவில் உள்ள லா ஹூண்டா என்ற ஊரில் பிப்ரவரி 17-ந்தேதி காலமானார். வயது 66.

தன்னை விட்டுப் போன தந்தையைப்பற்றி அவர் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அது அவர் இறந்த ஆண்டிலேயே வெளிவந்தது. அதில் கோபம் இல்லை. சிறு வயதில் தந்தையோடு கழித்த நாட்களை நகைச்சுவையோடு எழுதியிருந்தார். மகனுடைய சைலன்சர் பிறந்தபோது தந்தைக்கு வயது எழுபதை நெருங்கிவிட்டது. அவருடைய காதைக் காப்பாற்ற அது வந்து சேரவில்லை. ஆனால் பிறகு வந்த எத்தனையோ பேருடைய காதை அது காப்பாற்றியது.